காக்டெயில் ஊற்றியதும் கவுண்ட் எகிறுகிறது, மஞ்சளாக நிற்கும் மாதிரிக் குப்பியில் (வயல்) இறங்குகிறது. எந்த எண்ணை நம்புவது?

#1 இலைச்சாறு

வணக்கம். தாவரவியலில் ஆராய்ச்சி மாணவி நான். வேரில் விடும் டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) நீரில் எவ்வளவு இலைத் திசுவில் போய்ச் சேருகிறது என்று பார்க்கிறேன். இலைத் துண்டை சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, பச்சை போக ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு, 20 மி.லி. வயலில் சிண்டிலேஷன் காக்டெயில் (கதிர்வீச்சு பட்டால் ஒளிரும் திரவம்) ஊற்றிக் கலக்கி, அந்த ஒளியை எண்ணும் கவுண்டரில் நேராக ஏற்றுகிறேன்.

இரண்டு தொல்லைகள். ஏற்றியவுடன் எல்லா வயலும் எகிறுகிறது. டிரிட்டியமே படாத வெற்று வயல்கூட நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் காட்டுகிறது. ஒரு மணி நேரத்தில் பாதிக்கும் கீழே போய்விடும், மறுநாள் காலையில் இன்னும் குறைவு. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு, ஒரே ராத்திரியில் அது சிதைந்துபோக வழியில்லை. அடுத்தது, முழுதாக வெளுக்காமல் மஞ்சளாக நின்றுவிட்ட வயல்கள். அவற்றில் தெளிவான வயலில் போட்ட அதே அளவு டிரிட்டியத்தைப் போட்டாலும் கவுண்ட் ரொம்பக் குறைவாக வருகிறது.

வழிகாட்டி "நாளைக்கு எண்ணிப் பார்" என்கிறார். எந்த நாளைக்கு?

#2 பழைய_டோலுயீன்

முதல் தொல்லை கெமிலுமினசென்ஸ். உங்கள் காரமும் பெராக்சைடும் காக்டெயிலில் இருக்கும் பொருள்களோடு வினைபுரிந்து தாமாகவே ஒளி விடுகின்றன. கதிர்வீச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கவுண்டருக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும், யார் விட்ட வெளிச்சம் என்று அது கேட்பதில்லை.

"இரண்டு டியூபும் ஒரே நேரத்தில் பார்த்தால்தானே எண்ணும், அப்புறம் எப்படி?" என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். வயலின் இருபுறமும் இரண்டு ஒளிப்பெருக்கிக் குழாய்கள் இருக்கின்றன. சில பத்து நானோ நொடிக்குள் இரண்டும் ஒளியைக் கண்டால்தான் ஒரு கவுண்ட் ஏறும். பீட்டா சிதைவு (அணுக்கரு ஓர் எலக்ட்ரானை வீசுவது) என்றால் ஒரு கொத்து ஒளித்துகள் ஒரே கணத்தில் கிளம்பும், இரண்டு குழாய்க்கும் பங்கு போகும். வேதிவினை ஒளியோ ஒவ்வொரு துகளாக வருகிறது. ஆனால் நொடிக்கு லட்சக்கணக்கில் வந்தால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு துகள்கள் தற்செயலாக ஒரே நேரத்தில் ஆளுக்கொரு குழாயைத் தட்டிவிடும். அதுவும் கவுண்ட்தான். அவை மிகச் சின்னத் துடிப்புகள், நிறமாலையின் அடிமட்டத்தில் வந்து விழும். துரதிர்ஷ்டம் என்னவென்றால் டிரிட்டியம் குடியிருப்பதும் அங்கேதான். கார்பன்-14 ஆக இருந்தால் கவுண்டர் எண்ணும் ஆற்றல் ஜன்னலின் கீழ் எல்லையைக் கொஞ்சம் உயர்த்தித் தப்பித்துவிடலாம்.

என்ன செய்யலாம்? பெராக்சைடு மிச்சம் இருக்கக் கூடாது. காக்டெயில் ஊற்றுவதற்கு முன் அஸ்கார்பிக் அமிலம் போட்டு அதை முறியுங்கள், கொஞ்சம் அமிலம் விட்டுக் காரத்தைச் சமன் செய்யுங்கள். பிறகு இருட்டில் வையுங்கள். டியூப் லைட்டுக்கும் ஜன்னல் வெயிலுக்கும் கீழே வைத்த வயலும் சிறிது நேரம் தானே ஒளிரும், அது தனித் தொல்லை. "எந்த நாளைக்கு" என்றால், வெற்று வயலை விட்டு விட்டு எண்ணுங்கள். எப்போது எண் மாறாமல் நிற்கிறதோ அப்போது. காலண்டர் பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை இது.

மஞ்சள் பற்றிச் சாயங்காலம் எழுதுகிறேன்.

#3 சந்தேகப்பிராணி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கணக்குப் பிள்ளை, அறிவியல் ஆர்வம் மட்டும் உண்டு. இவ்வளவு வம்பு எதற்கு? கைகர் கவுண்டரை வயல் பக்கத்தில் வைத்தால் டிக் டிக் என்று சொல்லிவிடாதா?

#4 ஒளித்துளி

சொல்லாது. டிரிட்டியம் விடும் பீட்டாவுக்கு அதிகபட்ச ஆற்றலே 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட், சராசரி 5.7. காற்றில் சில மில்லிமீட்டர் போவதற்குள் நின்றுவிடும். தண்ணீரில் சுமார் 6 மைக்ரோமீட்டர், அவ்வளவுதான். வயலின் சுவரைத் தாண்டுவது இருக்கட்டும், பக்கத்துச் சொட்டைக்கூட எட்டாது. கைகர் குழாயின் மைக்கா ஜன்னலைத் துளைக்க அதற்குத் தெம்பில்லை. ஆகவே துகள் கருவிக்கு வராது, கருவிதான் துகளிடம் போக வேண்டும். மாதிரியை ஒளிரும் திரவத்திலேயே கரைத்துவிட்டால் ஒவ்வொரு அணுவைச் சுற்றியும் உணர்பொருள்தான். சுவரும் இல்லை, ஜன்னலும் இல்லை.

திரவம் ஒளிர்வது இப்படி. அதில் பெரும்பங்கு கரைப்பான். டோலுயீன், சைலீன், சூடோக்யூமீன், எது எடுத்தாலும் பென்சீன் வளையம் இருக்கும். பீட்டா போகும் வழியெல்லாம் அந்த வளையத்தின் எலக்ட்ரான்களைக் கிளர்ச்சியுறச் செய்கிறது. கிளர்ந்த மூலக்கூறு அந்த ஆற்றலைப் பக்கத்து மூலக்கூறுக்குத் தள்ள, அது இன்னொன்றுக்குத் தள்ள, வரிசையில் நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றுவது மாதிரி நகர்ந்து, கடைசியில் பிபிஓ என்ற சேர்மத்திடம் வந்து சேர்கிறது. லிட்டருக்குச் சில கிராம்தான் அது இருக்கும். அதுதான் சில நானோ நொடிக்குள் ஒளியாக உமிழ்கிறது, புற ஊதாவில், சுமார் 360 நானோமீட்டரில். அதை பிஸ்-எம்எஸ்பி அல்லது போபாப் என்கிற இன்னொரு சாயம் வாங்கி 420 வாக்கில் நீலமாக விடும். குழாயின் கண்ணுக்கு அந்த நீலம்தான் நன்றாகத் தெரியும்.

எவ்வளவு ஒளி? ஒரு மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சுமார் 10,000 ஒளித்துகள். சோடியம் அயோடைடு படிகம் இதைப்போல நான்கு மடங்கு தரும், ஆனால் அதில் இலைச்சாற்றைக் கரைக்க முடியாதே.

#5 சந்தேகப்பிராணி

அப்படியானால் டிரிட்டியத்துக்கு 5.7 கிலோ என்றால் 57 துகள்தான் வருமா? அதை வைத்தா ஆராய்ச்சி?

#6 பழைய_டோலுயீன்

கணக்குப் பிள்ளை என்று நிரூபித்துவிட்டீர்கள். ஆமாம், அதுகூடக் கிடைக்காது. மெதுவாகப் போகும் எலக்ட்ரான் தன் பாதையில் அயனிகளை நெருக்கமாகக் குவிக்கும். நெருக்கத்தில் கிளர்ந்த மூலக்கூறுகள் ஒன்றையொன்று அணைத்துவிடும், ஒளி குறையும். பர்க்ஸ் விதி என்பது இதற்குத்தான். மிச்சத்தை இரண்டு குழாய்கள் பங்கு போட வேண்டும், ஒவ்வொன்றும் தன்மேல் விழுவதில் நான்கில் ஒரு பங்கைத்தான் மின்துடிப்பாக்கும். ஆக, சராசரிச் சிதைவுக்கே குழாய்க்குக் கை விரல்களில் எண்ணக்கூடிய அளவுதான் மிஞ்சும். 1, 2 கிலோவில் வரும் பீட்டாக்கள் ஒரு குழாயைத் தட்டும், மற்றது தூங்கும். கவுண்ட் போச்சு. அதனால்தான் நீர் கலந்த காக்டெயிலில் டிரிட்டியத்துக்கு 25 - 30 சதவீதத் திறன் கிடைத்தாலே நிம்மதி. கார்பன்-14க்கு 95 வரை போகும்.

இப்போது மஞ்சளுக்கு வருகிறேன். மஞ்சள் திரவம் நீலத்தைக் குடிக்கும். காக்டெயில் விடுவதும் நீலம். பாதி ஒளி போனாலும் கார்பன்-14 தாங்கும், அதன் சராசரி 49 கிலோ, ஏறக்குறைய இருநூற்றைம்பது துகள் மிஞ்சும். டிரிட்டியத்தில் பாதி போனால் பெரும்பகுதிச் சிதைவுகள் கண்ணுக்குக் கீழே போய்விடும். அதாவது சிதைவு நடக்கிறது, ஒளியும் பிறக்கிறது, வழியில் தொலைகிறது. இதுதான் நிறக் குவென்சிங். இதற்கு அண்ணன் ஒருவன் உண்டு, வேதிக் குவென்சிங். அவன் ஒளி பிறப்பதற்கு முன்பே ஆற்றலை வாங்கி வெப்பமாக்கிவிடுவான். குளோரோஃபார்ம், அசிட்டோன், நைட்ரோ சேர்மங்கள், ஏன், திரவத்தில் கரைந்த ஆக்சிஜனே போதும். நிறமே இல்லாமல் தெளிவாக இருக்கும் வயலும் பொய் சொல்லும் என்பதை மறக்காதீர்கள்.

கவுண்டர் காட்டும் எண்ணை அப்படியே எழுதிவிட்டுப் போகிற ஆய்வேடுகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அது கவுண்ட் மட்டுமே. எத்தனை சிதைவு என்பது, எவ்வளவு ஒளி தொலைந்தது என்று தெரிந்த பிறகுதான் வரும். இந்த வேலையில் ஒளியை உண்டாக்குவது சுலபம், தொலைந்ததற்குக் கணக்கு வைப்பதுதான் முழு வேலையும்.

#7 இலைச்சாறு

நன்றி சார். அந்தக் கணக்கை எப்படி வைப்பது? கவுண்டரில் ஒவ்வொரு வயலுக்கும் பக்கத்தில் டிஎஸ்ஐஇ என்று ஒரு எண் வருகிறது. யாரும் அதைப் பார்ப்பதில்லை.

#8 பழைய_டோலுயீன்

அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் அம்மா. கவுண்டருக்குள் ஒரு சின்ன காமா மூலம் இருக்கிறது, உங்கள் வகையில் பேரியம்-133. ஒவ்வொரு வயலுக்கும் அது சிறிது நேரம் கீழே வந்து நின்று போகும். அந்த காமா வயலுக்குள் எலக்ட்ரான்களைத் தட்டிவிடும், அவை எழுப்பும் ஒளி எப்போதும் ஒரே அளவு இருக்க வேண்டும். குறைந்தால் அந்தக் குறைவு வயலின் குற்றம். அதைத்தான் அந்த எண் சொல்கிறது. 1000 என்றால் குவென்சிங் இல்லை, கீழே போகப் போக மோசம்.

ஒரே அளவு டிரிட்டியம் போட்ட வரிசை வயல்களில் நைட்ரோமீத்தேனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி விட்டு, டிஎஸ்ஐஇக்கு எதிராகத் திறனை வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். அப்புறம் எந்த வயலின் எண்ணையும் அதில் வைத்துத் திறனைப் படிக்கலாம். ஆனால் அது வேதிக் குவென்சிங்குக்கான கோடு. உங்கள் மஞ்சள் அடர்த்தியாக இருந்தால் பொருந்தாது. குழாய்க்கு அருகில் பிறந்த ஒளிக்கும் தூரத்தில் பிறந்த ஒளிக்கும் நிறம் ஒரே அளவு வரி போடுவதில்லை. உங்களுக்கு நான் சொல்வது உள்ளகத் தரமுறை. எண்ணி முடித்த அதே வயலில் அளவு தெரிந்த டிரிட்டியம் நீரைத் துளி விட்டு மறுபடி எண்ணுங்கள். கூடியது எவ்வளவு, கூட வேண்டியது எவ்வளவு. அலுப்பான வேலை, மாதிரியும் வீணாகும், ஆனால் பொய் சொல்லாது.

#9 கடலோரம்

இலைச்சாறு சொல்லும் இரண்டு தொல்லையும் எங்களுக்குத் தினசரிப் பாடு. கனநீர் அணுஉலை இருக்கும் எந்த ஊரிலும் இதே கதை. கனநீரின் டியூட்டீரியம் நியூட்ரானை வாங்கி டிரிட்டியமாகிறது. கல்பாக்கத்தில் 1980களில் ஓட ஆரம்பித்த இரண்டு உலைகளும் அந்த வகைதான். அந்த மாதிரி உலைகளில் வேலை செய்கிறவர்களிடம் சிறுநீர் மாதிரி வாங்கி, காக்டெயிலில் கலந்து எண்ணுவார்கள். சிறுநீருக்கு என்ன நிறம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உடம்பில் போன டிரிட்டியம் நீரில் பாதி சுமார் பத்து நாளில் வெளியேறிவிடும். ஆகவே இடைவெளி விடாமல் எடுத்தால்தான் டோஸ் கணக்கு சரியாக வரும். நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்வதும் அதற்காகத்தான், சீக்கிரம் கழுவிக்கொண்டு போகட்டும் என்று.

குடிநீர், கடல்நீர் மாதிரி என்றால் நேராக ஊற்றவே கூடாது. காய்ச்சி வடித்து எடுங்கள். நிறம், உப்பு, மற்ற கதிரியக்கத் தனிமங்கள் எல்லாம் பாத்திரத்தில் தங்கிவிடும், டிரிட்டியம் மட்டும் நீராவியோடு வரும்.

#10 சந்தேகப்பிராணி

ஃபுகுஷிமா தண்ணீரையும் இப்படித்தான் அளக்கிறார்களா? வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வருகிறது.

#11 கடலோரம்

ஆமாம், இதே முறைதான். அங்கே சுத்திகரிப்பு அமைப்பு பெரும்பாலான கதிரியக்கத் தனிமங்களைப் பிடித்துவிடும், டிரிட்டியத்தைப் பிடிக்காது. அது தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீர், எந்த வடிகட்டியும் அதைத் தனியாக அடையாளம் காணாது. 2023 ஆகஸ்ட் 24இல் கடலில் விட ஆரம்பித்தார்கள். கடல்நீரால் நீர்க்கச் செய்து லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்கு (ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஒரு சிதைவு) கீழே கொண்டுவந்த பிறகுதான் விடுகிறார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு 10,000. எதிர்ப்பதற்கு அரசியல் காரணம், மீனவர் பிழைப்பு எல்லாம் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "அளக்கவே முடியாத விஷம்" என்று வரும் செய்தியை அழித்துவிடுங்கள். டிரிட்டியம் நன்றாகவே அளக்கக்கூடிய ஒன்று. குறைவாக இருந்தால் மின்பகுப்பில் செறிவூட்டி அளப்பார்கள்.

#12 மலையடிவாரம்

தேனியில் வரவிருந்த நியூட்ரினோ ஆய்வகமும் இந்தத் திரவத்தை வைத்துத்தானே? அப்போது ஊரில் எல்லோரும் ஏதோ ரசாயனத் தொட்டி வரப்போகிறது என்றார்கள்.

#13 கிரான்சாசோ_ரசிகன்

இல்லை. பொட்டிப்புரத்தில் திட்டமிட்டது 50,000 டன் காந்த இரும்புத் தகடுகள், நடுநடுவே கண்ணாடித் தட்டுகளுக்கு இடையில் வாயு நிரப்பிய உணர்விகள். திரவ சிண்டிலேட்டர் கிடையாது. அதற்கு முன்னால் கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பிடித்தபோது பயன்பட்டது பிளாஸ்டிக் சிண்டிலேட்டர்.

ஆனால் நியூட்ரினோவை முதன்முதலில் கையும் களவுமாகப் பிடித்தது இந்தத் திரவம்தான். ரைன்ஸ், கோவன் இருவரும் அமெரிக்காவின் சவானா ரிவர் உலையிலிருந்து 11 மீட்டரில், தரைக்குக் கீழே 12 மீட்டரில், காட்மியம் குளோரைடு கலந்த தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலும் கீழும் சிண்டிலேட்டர் தொட்டிகளை அடுக்கி வைத்தார்கள். எதிர்நியூட்ரினோ புரோட்டானில் மோதினால் பாசிட்ரானும் நியூட்ரானும் வரும். பாசிட்ரான் உடனே அழிந்து ஒரு மின்னல், சில மைக்ரோ நொடி கழித்துக் காட்மியம் நியூட்ரானை விழுங்கும்போது இன்னொரு மின்னல். இந்த இரட்டை மின்னல்தான் கையெழுத்து. நியூட்ரினோ இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்ன பவுலிக்கு 1956 ஜூனில் தந்தி போனது. நோபல் பரிசு 1995இல்தான் வந்தது, ரைன்ஸுக்கு மட்டும். கோவன் 1974லேயே இறந்துவிட்டார்.

மேலே டோலுயீன் ஐயா சொன்ன "தொலைந்த ஒளிக்குக் கணக்கு" என்பதை உச்சத்துக்குக் கொண்டுபோனது என் கருத்தில் இத்தாலியின் போரெக்சினோ என்ற நியூட்ரினோ உணர்வி. கிரான் சாசோ மலைக்குள் 278 டன் சூடோக்யூமீன், லிட்டருக்கு 1.5 கிராம் பிபிஓ, மெல்லிய நைலான் பைக்குள். 2007இலிருந்து 2021 வரை ஓடியது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ இவ்வளவு திரவத்திலும் அபூர்வமாகத்தான் மின்னும். அந்த மின்னலும் சாதாரண பீட்டாவின் மின்னலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆகவே ஒரே வழி, திரவத்தில் வேறெதுவும் சிதையக் கூடாது. யுரேனியத்தையும் தோரியத்தையும் கிராமுக்கு 10இன் அடுக்கு மைனஸ் 18 கிராமுக்கும் கீழே கொண்டுபோனார்கள். குடிக்கிற தண்ணீரையெல்லாம் இதோடு ஒப்பிடவே முடியாது.

கரைப்பானின் கார்பனிலேயே கார்பன்-14 இருக்குமே என்று கேட்கலாம். பெட்ரோலியத்திலிருந்து எடுப்பதன் லாபம் அங்கேதான். கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்கடியில் கிடந்ததில் கார்பன்-14 கிட்டத்தட்ட முழுதும் சிதைந்துவிட்டது. காற்றில் இருப்பதைவிடச் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மிச்சம். அப்படியும் அந்த மிச்சம்தான் போரெக்சினோவின் அடிமட்ட இரைச்சலாக இருந்தது.

2020இல் சிஎன்ஓ நியூட்ரினோவை (சூரியனில் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் வழியாக நடக்கும் அணுக்கரு இணைவிலிருந்து வருவது) பிடித்த கதை இன்னும் ருசி. எதிரி பிஸ்மத்-210. அதன் பீட்டா நிறமாலை சிஎன்ஓவைப் போலவே இருக்கும், பிரிக்க முடியாது. ஆனால் பிஸ்மத் சிதைந்து பொலோனியம்-210 ஆகும், அது ஆல்ஃபா விடும். திரவத்தில் ஆல்ஃபாவின் மின்னலுக்கு வால் நீளம், அதை வைத்து எண்ணிவிடலாம். பொலோனியத்தை எண்ணினால் பிஸ்மத் தெரிந்துவிடும். ஆனால் நைலான் பையின் சுவரில் ஒட்டியிருந்த பொலோனியம் திரவத்தின் வெப்ப ஓட்டத்தில் மிதந்து நடுவுக்கு வந்து கணக்கைக் கெடுத்தது. என்ன செய்தார்கள்? தொட்டி முழுவதற்கும் கம்பளி போர்த்தினார்கள், கனிமக் கம்பளி. மேல் பக்கம் சற்று வெதுவெதுப்பாக, அடியில் குளிர்ச்சியாக வைத்து ஓட்டத்தையே நிறுத்தினார்கள். திரவம் அசையாமல் நின்ற பிறகுதான் சூரியனின் அந்த இரண்டாவது அடுப்பு தெரிந்தது.

#14 மணலிப்பக்கம்

சூடோக்யூமீன் புகழ் போதும் நண்பரே. 2002இல் அதே ஆய்வகத்தில் அந்தத் திரவம் கொஞ்சம் ஆற்றில் கலந்து, வேலை முழுதும் நின்றுபோனதையும் சொல்லுங்கள். தீப்பிடிக்கும், நெடி, அக்ரிலிக்கைத் தின்னும். இப்போது உலகமே எல்.ஏ.பி.க்கு மாறிவிட்டது. நீள்தொடர் ஆல்கைல் பென்சீன். என்ன அது என்று கேட்பவர்களுக்கு: உங்கள் வீட்டுத் துணி சோப்பு. பென்சீன் வளையத்தில் 10 முதல் 13 கார்பன் வரை நீளமான வால். அதை சல்ஃபோனேற்றம் செய்தால் கிடைப்பதைத்தான் சோப்புத்தூள் தயாரிப்பவர்கள் ஆசிட் ஸ்லரி என்று கேனில் வாங்குகிறார்கள். சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையில் இது டன் டன்னாகத் தயாராகிறது. தீப்பற்று வெப்பநிலை 130 டிகிரிக்கு மேல். சூடோக்யூமீனுக்கு 50ஐக்கூடத் தொடாது, டோலுயீனுக்கு 5 டிகிரி போதும். விலையும் மலிவு. கனடாவின் சட்பரி நியூட்ரினோ ஆய்வகத்தில் 12 மீட்டர் அக்ரிலிக் கோளம் ஏற்கெனவே கையில் இருந்தது, அதைக் கரைக்காத திரவம் வேண்டும் என்று தேடியபோது எல்.ஏ.பி. கிடைத்தது. இப்போது அதில் 780 டன்.

#15 கிரான்சாசோ_ரசிகன்

ஒப்புக்கொள்கிறேன், பாதுகாப்பில் எல்.ஏ.பி. ஜெயிக்கும். ஆனால் சூடோக்யூமீன் வேகமானது, ஆல்ஃபாவையும் பீட்டாவையும் பிரிப்பதில் கை தேர்ந்தது. போரெக்சினோ எல்.ஏ.பி.யில் ஓடியிருந்தால் அந்தப் பொலோனியம் வேலை அவ்வளவு சுத்தமாக வந்திருக்குமா என்பது சந்தேகம். அப்புறம் மணலியில் இறக்கும் டேங்கர் எல்.ஏ.பி.யை நேராக ஊற்றிவிட முடியாது, அதையும் சொல்லுங்கள்.

#16 மணலிப்பக்கம்

ஊற்ற முடியாதுதான். சோப்புக்காரருக்குப் போதுமான தெளிவு வேறு, இவர்களுக்கு வேண்டியது வேறு. சீனாவின் ஜியாங்மென் அருகே ஜூனோ என்ற நியூட்ரினோ உணர்வி, 2025 ஆகஸ்ட் 26இல் தரவெடுக்க ஆரம்பித்தது. 20,000 டன் எல்.ஏ.பி., 35.4 மீட்டர் அக்ரிலிக் கோளத்தில், நிலத்துக்குக் கீழே சுமார் 700 மீட்டரில். நடுவில் பிறந்த நீல ஒளி சுவருக்கு வர 17 மீட்டருக்கு மேல் திரவத்தையே கடக்க வேண்டும். அதனால் ஒளி மங்கும் நீளம் 20 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். அலுமினா நிரலில் விட்டு, வெற்றிடத்தில் வடித்து, சுத்த நீரில் கழுவி, நீராவியால் வாயுக்களை விரட்டி, அப்புறம்தான் உள்ளே. லிட்டருக்கு 2.5 கிராம் பிபிஓ, 3 மில்லிகிராம் பிஸ்-எம்எஸ்பி. கணக்குப் போட்டால் பிபிஓ மட்டுமே ஏறக்குறைய 58 டன் வருகிறது. சோப்பு மூலப்பொருளை இவ்வளவு மரியாதையோடு யாரும் நடத்தியதில்லை.

#17 ஒளித்துளி

வால் நீளம் பற்றி ஒரு வரி. வேகமான ஒளி, கிளர்ந்த மூலக்கூறின் ஒற்றை நிலையிலிருந்து வருகிறது. அயனிகள் நெருக்கமாகக் குவிந்த பாதையில் மும்மை நிலை என்ற, கிளர்ச்சி நீடித்து நிற்கும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று சந்தித்துத் தாமதமாக ஒளி விடும். ஆல்ஃபாவும், நியூட்ரான் தட்டிவிட்ட புரோட்டானும் நெருக்கமான பாதைக்காரர்கள், அதனால் வால். காமா நிறைந்த இடத்தில் நியூட்ரானைத் தனியே பொறுக்க இந்த வித்தைதான். சைலீன் திரவம் அடைத்த அலுமினியக் கலங்கள் இதற்கென்றே பல பத்தாண்டுகளாக விற்பனையில் உள்ளன. சுமார் 2009 வாக்கில், நியூட்ரான் உணர்விகளில் பயன்படும் ஹீலியம்-3 வாயுவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது எல்லோருக்கும் அவை திரும்ப ஞாபகம் வந்தன.

ஆக்சிஜன் இருந்தால் முதலில் சாவது இந்த வால்தான். அதனால் கலத்தை நைட்ரஜனோ ஆர்கானோ ஊதி மூடுவார்கள்.

#18 சந்தேகப்பிராணி

கீழடிக் கரித்துண்டுக்குக் கி.மு. 580 என்று காலம் சொன்னதும் இந்த முறையா?

#19 பழைய_டோலுயீன்

அது முடுக்கி நிறமாலை முறை. கார்பன்-14 சிதைவதற்குக் காத்திருக்காமல் அணுக்களையே எண்ணுவது. சில மில்லிகிராம் போதும். திரவ முறையில் காலம் பார்ப்பதும் உண்டு, அது ஓர் அழகான வேலை. கரியை எரித்துக் கரியமில வாயு, அதை லித்தியத்தோடு சேர்த்து கார்பைடு, தண்ணீர் விட்டு அசிட்டிலீன், வினையூக்கியில் விட்டு பென்சீன். மாதிரியே கரைப்பானாகிவிடுகிறது. பென்சீனின் எடையில் 92 சதவீதம் கார்பன், அதில் சாயத்தைப் போட்டு நாள்கணக்கில் எண்ணலாம். ஆனால் கிராம் கணக்கில் கார்பன் வேண்டும். அகழாய்வில் கிடைக்கும் சின்னக் கரித்துண்டுக்குக் கட்டாது.

#20 இலைச்சாறு

அஸ்கார்பிக் அமிலம் போட்டு, சமன் செய்து, ராத்திரி முழுதும் கவுண்டருக்குள்ளேயே இருட்டில் விட்டேன். வெற்று வயல் இப்போது பின்னணி அளவிலேயே நிற்கிறது. மஞ்சள் வயல்களில் உள்ளகத் தரமுறையில் திறன் தெளிவானவற்றில் பாதிகூட இல்லை. திருத்திய பிறகு இரண்டு வகையும் பிழை எல்லைக்குள் ஒன்றாகிவிட்டன. வழிகாட்டி "நான் சொன்ன மாதிரியே நாளைக்குச் சரியாகிவிட்டதே" என்கிறார்!

இன்னும் இரண்டு கேள்வி. சில வயல்களில் பால் மாதிரிக் கலங்கல் வருகிறது. அப்புறம், இலைக்குள் வெறும் நீராக இருக்கும் டிரிட்டியத்தையும், கார்பனோடு பிணைந்துவிட்டதையும் எப்படிப் பிரிப்பது?

#21 கடலோரம்

கலங்கல் என்றால் நீர் அதிகம். ஒவ்வொரு காக்டெயிலுக்கும் எவ்வளவு நீரைத் தாங்கும் என்று வரம்பு உண்டு, உப்பும் காரமும் இருந்தால் வரம்பு இன்னும் குறையும். கலங்கிப் பிரிந்த வயலை எண்ணாதீர்கள். நீர்த்துளிக்குள் மாட்டிக்கொண்ட டிரிட்டியத்தின் பீட்டா காக்டெயிலை எட்டாது. ஆனால் வெளியிலிருந்து காமா விட்டுப் பார்க்கும் டிஎஸ்ஐஇ எண் நன்றாகவே இருக்கும், ஏமாந்துவிடுவீர்கள். மாதிரியைக் குறையுங்கள், அல்லது அதிக நீர் தாங்கும் வகைக்கு மாறுங்கள். டைஐசோபுரோப்பைல்நாஃப்தலீன் வகைகளில் அப்படிக் கிடைக்கும், நெடியும் இல்லை.

#22 பழைய_டோலுயீன்

பிரிப்பதற்கு முதலில் இலையை உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்துங்கள். வெளியேறும் நீரைக் குளிர்பொறியில் பிடித்தால் அதுதான் திசுநீர் டிரிட்டியம். உலர்ந்த தூளைச் சாதாரண நீரில் ஊறவைத்து மறுபடி உலர்த்துங்கள். ஆக்சிஜனோடும் நைட்ரஜனோடும் ஒட்டியிருக்கும் டிரிட்டியம் நீரோடு இடம் மாறிப் போய்விடும், கார்பனோடு பிணைந்தது மட்டும் தங்கும். அதை ஆக்சிஜனில் எரித்து, வரும் நீரைப் பிடித்து எண்ணுங்கள். காரம், பெராக்சைடு, மஞ்சள் எதுவும் இந்தப் பாதையில் இல்லை. உங்கள் வளாகத்தில் எரிப்பான் இல்லையென்றால் பக்கத்தில் வேளாண்மை அல்லது அணு ஆய்வுக்கூடம் எதிலாவது கேட்டுப் பாருங்கள்.

எண்ணி முடித்த வயல்களைச் சிங்க்கில் கவிழ்க்காதீர்கள், அதில் கரைப்பானும் உண்டு, கதிரியக்கமும் உண்டு. தேதி, தனிமம், அளவு எழுதிய சீட்டு ஒட்டி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள். டோலுயீன் வகையாக இருந்தால் பிளாஸ்டிக் வயலில் நாள்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம், சுவர் வழியே கசியும்.